வழிகாட்டிப் பெண்ணின் தோள் அளவு

ஜனவரி 9

என் வீட்டு நிர்வாகத்துக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். நீ நலமா? முழங்கால் எப்படி இருக்கிறது? தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டாயா? கிளம்பும்போது மூன்று தடவை சொன்னேன், நீ நான்கு தடவை முறைத்தாய்.

போன் செய்தால் நீ எடுக்கமாட்டாய். எதிர்முனையில் அவன் குரல் வந்துவிடுமோ என்று நாலு வருடமாக அந்தக் கருவியைத் தொடாமல் இருக்கிறவள். அதனால்தான் கடிதம். ‘அவனைப் பத்தியோ அவன் பொண்டாட்டியைப் பத்தியோ ஒரு வரி வந்தாலும் கிழிச்சுப் போட்டுடுவேன்’ என்று வாசலில் நின்று சொன்னாய். எழுதவில்லை. பிள்ளை வீட்டில் தங்கிக்கொண்டு பிள்ளை இல்லாதது போல எழுதப் பழகுகிறேன். ஊரைப் பற்றி எழுதத் தடை இல்லையே?

நேற்றுதான் முதல்முதலாக ஊர் சுற்றிப் பார்த்தேன். அதற்கென்றே ஒரு மாடி பஸ் ஓடுகிறது. மேல் மாடிக்குக் கூரை கிடையாது. முப்பத்து மூன்று வருடம் பஸ்ஸில் நின்றே பிழைத்த கண்டக்டர், முதல் தடவையாக முன் இருக்கையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு காலை என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுத்த நிறுத்தத்தில் ஒரு கூட்டம் ஏறி, படியருகிலேயே நின்றுவிட்டது. என்னை அறியாமல் ‘உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு’ என்று கத்திவிட்டேன். ஒருத்தருக்கும் நம் மொழி தெரியாது. ஆனாலும் எல்லோரும் உள்ளே போனார்கள்!

பெரிய ஆறு, அதன் மேல் வரிசையாகப் பாலங்கள். ஒரு மணிக்கூண்டு, அண்ணாந்து பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. குதிரை மேல் ஒரு ராஜா, ராஜா தலைமேல் ஒரு புறா. எவ்வளவு பெரிய ராஜாவானாலும் கடைசியில் இதுதான் கதி போல. பொருட்காட்சி சாலை வாசலில் இரண்டு கல் சிங்கம். ஒன்றுக்கு உன் தம்பி முகம்.

பஸ்ஸில் ஒரு வழிகாட்டிப் பெண் உண்டு. பயணிகளைப் பார்த்தபடி, பஸ் போகும் திசைக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். மைக்கில் அந்த ஊர் மொழியில் சொல்லிவிட்டு, என் பக்கம் குனிந்து, ‘மாமா, அந்த ஜன்னல் தெரியுதா, அங்கதான் ராணி நின்னு கையசைப்பாங்களாம்’ என்று நம் மொழியில் சொன்னாள். மரக்கிளை வரும் இடம் அவளுக்கு மனப்பாடம். திரும்பிப் பார்க்காமலே சரியாகக் குனிகிறாள். நல்ல தொழிலாளி. குளிரில் என் காது சிவந்ததைப் பார்த்துத் தன் மப்ளரைக் கழற்றிக் கட்டிவிட்டாள். நடுவில் டீயும் வாங்கிக் கொடுத்தாள்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கண்டக்டர்


ஜனவரி 25

வீட்டுக்காரருக்கு,

இங்கு நான் நலம். உங்கள் நலம் அறிய ஆசை. முழங்கால் அதன் இஷ்டப்படி இருக்கிறது. எண்ணெய் போட்டாயிற்று. என் தம்பி முகத்தில் சிங்கக் களை இருப்பது இப்போதாவது உங்களுக்குத் தெரிந்ததே.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். முன்பின் தெரியாத கிழவருக்கு மப்ளர் கட்டி, டீ வாங்கிக் கொடுத்து, அவர் பாஷையிலேயே மாமா என்று கூப்பிடுகிற வழிகாட்டி எந்த ஊர் பஸ்ஸில் இருக்கிறாள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறீர்கள். அதுவும் சோறு போதவில்லை.

சரி. அவள் யாரென்று நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவேண்டாம். சொன்னால் அதோடு கடிதம் நின்றுவிடும்.

என் கோபம் உங்களுக்குச் சின்ன விஷயம். இந்தத் தெருவில் யார் வீட்டுப் பையன் என் கையால் தைத்த சட்டை இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டான்? ராத்திரி கண் விழித்து, பட்டன் துளை ஒவ்வொன்றையும் கையால் முடித்துக் கொடுத்தேன். என் பிள்ளைக்கு மட்டும் எல்லாம் முடிந்து எட்டு நாள் கழித்து ஒரு போன். எந்தக் கடையிலோ பெட்டியில் வாங்கிய சட்டையை மாட்டிக்கொண்டு நின்றிருப்பான். அந்தச் சட்டையை நினைத்தால் இப்போதும் வாய் கட்டிக்கொள்கிறது. யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும், நான் குறுக்கே நிற்கிறவள் இல்லை. அளவு கொடுக்க வந்திருக்கலாம்.

இதோடு விடுங்கள். மப்ளரைத் திருப்பிக் கொடுத்தீர்களா?

இப்படிக்கு,
வீட்டுக்காரி

பின்குறிப்பு: நாள் பூராவும் காற்றில் நிற்கிறாளே, அந்தப் பெண் மேலுக்கு என்ன போட்டுக்கொள்கிறாள்?


பிப்ரவரி 7

நிர்வாகத்துக்கு,

நலம். உன் உத்தரவுப்படி யாரென்று சொல்லவில்லை. மப்ளரைக் கொடுத்தேன், வாங்கமாட்டேன் என்கிறாள்.

கம்பெனி கொடுத்த கோட்டு ஒன்று போட்டுக்கொள்கிறாள். ஆம்பிளை அளவு. கை நீளம் அதிகம், இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருக்கிறாள். தோள் தையல் முழங்கைக்கு வழி கேட்கிறது. காற்று அடித்தால் உள்ளே இன்னொரு ஆள் இருப்பது போல உப்புகிறது. கேட்டால், ‘பழகிடுச்சு மாமா’ என்கிறாள்.

இந்த ஊரில் நான் பார்த்த விசேஷங்களில் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும் உண்டு. முதல் நாள் என்னோடு பஸ்ஸில் வர லீவு போட்டிருந்தான். காலையில் ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள், ஓடிவிட்டான். மாலை வந்து, ‘என்னப்பா பாத்தீங்க, ஒண்ணுவிடாம சொல்லுங்க’ என்று பக்கத்தில் உட்கார்ந்தான். எல்லாம் கேட்டுவிட்டு, ‘அம்மாவுக்கு இதெல்லாம் எழுதுவீங்கல்ல?’ என்றான். வயிறு கொஞ்சம் சரியில்லை, அந்தப் புராணத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மெக்கானிக் விஷயம் ஊரைப் பற்றிய செய்தி. கிழிக்காதே.

உன் கண்டக்டர்


பிப்ரவரி 22

வீட்டுக்காரருக்கு,

நலம். கிழிக்கவில்லை. மெக்கானிக் பற்றிய பகுதியை மட்டும் கத்தரியால் வெட்டித் தனியாக வைத்தேன். தாளின் பின்பக்கம் நீங்கள் ஏதோ உங்கள் வயிற்றைப் பற்றி எழுதியிருந்தீர்கள், அதுவும் சேர்ந்து போய்விட்டது. ஆகவே கேட்கிறேன், வயிறு இப்போது எப்படி?

தோள் தையல் முழங்கைக்கு இறங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் நாலு பேர் முன்னால் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அது தொழில் வருத்தம், வேறொன்றும் இல்லை. பள்ளிக்கூடச் சீருடை வேலை ஆரம்பிக்க இன்னும் நாள் இருக்கிறது. மிஷின் சும்மாதான் கிடக்கிறது.

அளவு வேண்டும். தோள், முதுகு அகலம், கை நீளம், மணிக்கட்டுச் சுற்று, கழுத்து, மொத்த நீளம். கையைத் தூக்கி மைக்கைப் பிடிக்கிறவள், ஆகவே கையை மடக்கி ஒரு தடவை, நீட்டி ஒரு தடவை எடுங்கள். மார்பு, இடுப்பு அளவை அவளையே எடுக்கச் சொல்லுங்கள். மூச்சை இழுத்துக்கொள்ளக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். எல்லாப் பெண்களும் செய்கிற திருட்டுத்தனம் அது.

இப்படிக்கு,
வீட்டுக்காரி


மார்ச் 6

நிர்வாகத்துக்கு,

நலம். வயிறு நலம். போன முறை அது வெறும் வாயுதான், வெட்டியதில் நஷ்டமில்லை.

அளவுகளைத் தனிச் சீட்டில் வைத்திருக்கிறேன். டேப் பிடிப்பது டிக்கெட் கிழிப்பது போலச் சுலபமில்லை. முதல் தடவை தோள் பத்தொன்பது அங்குலம் வந்தது. ‘மாமா, நான் என்ன பயில்வானா?’ என்று விழுந்து விழுந்து சிரித்தாள். திரும்ப எடுத்தேன், பதினாலரை.

கை நீளம் எடுக்கும்போது, ‘யாரு மாமா தைக்கறாங்க?’ என்றாள். ‘எனக்குத் தெரிஞ்ச டெய்லரம்மா’ என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. அளவெடுத்து முடிக்கும்வரை கையை நீட்டியபடி, மூச்சுகூடப் பெரிதாக விடாமல் நின்றாள். பிறகு சமையலறைக்குள் போய் ஒரே ஒரு டம்ளரைக் கால் மணி நேரம் கழுவினாள். எந்தச் சமையலறை என்று கேட்காதே.

உன் கண்டக்டர்


மார்ச் 30

வீட்டுக்காரருக்கு,

நலம். பார்சல் அனுப்பியிருக்கிறேன். சாம்பல் நிறக் கம்பளித் துணி, உள்ளே லைனிங் கொடுத்திருக்கிறேன். அக்குளில் கூடுதலாக ஒரு துண்டு வைத்தேன், கையைத் தூக்கினால் கோட்டு மேலே ஏறாது. காலரைத் தூக்கிப் பொத்தானைப் போட்டால் காது மூடும். இனி மப்ளரை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

இடுப்புத் தையலில் இரண்டு பக்கமும் துணி விட்டிருக்கிறேன். நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம். நான் யாருக்குத் தைத்தாலும் விடுகிறதுதான், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நேரில் ஆளைப் பார்க்காமல் நான் தைத்த முதல் உருப்படி இது. முதுகு சரியாக உட்காருகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
வீட்டுக்காரி


ஏப்ரல் 15

என் தங்கத்துக்கு,

பார்சல் வந்தது. பிரித்ததும் போட்டுக்கொண்டாள், பிறகு கழற்றவே இல்லை. சாப்பிடும்போதும் கோட்டோடு உட்கார்ந்தாள். மத்தியானம் நானும் பஸ்ஸில் ஏறினேன். ஆற்றுப் பாலத்தில் காற்று அடித்தது பார், தொப்பிகள் பறந்தன. நம் மருமகள் அசையாமல் நின்றாள். முதுகில் ஒரு சுருக்கம் இல்லை. என்னைப் பார்த்துக் கோட்டின் காலரைத் தூக்கிக் காட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, காற்றென்று சொல்லிச் சமாளித்தேன்.

போதும். இனி எதற்கு இந்தக் கண்ணாமூச்சி? உன் மனசு கரைந்துவிட்டது, எனக்குத் தெரியும். அவனுக்கு ஒரு வரி எழுது. ‘நல்லா இரு’ என்று மட்டும் எழுது. பையன் தினமும் நான் தபால் பிரிக்கும்போது எதையோ தேடுவது போல என் பின்னாலேயே வந்து நிற்கிறான்.

உன் கண்டக்டர்


மே 24

நிர்வாகத்துக்கு,

நலம்தானே? ஐந்து வாரமாகிறது. முதலில் தபால் தாமதம் என்று நினைத்தேன். பிறகு சீருடை வேலை என்று சமாதானம் செய்துகொண்டேன். நேற்று உன் தம்பிக்குப் போன் செய்தேன். ‘அக்கா நல்லாத்தான் இருக்கு, உங்க பேச்செடுத்தாத்தான் மிஷினை வேகமா மிதிக்குது’ என்றான்.

நுணலும் தன் வாயால் கெடும். சொல்லாதே என்று நீ சொன்னதைச் சொல்லித் தொலைத்தேன். முப்பத்து மூன்று வருடத்தில் ஒரு பஸ்ஸையும் நிறுத்தத்துக்கு முன்னால் விசில் அடித்து நிறுத்தியதில்லை. இதில் அவசரப்பட்டுவிட்டேன். உன் மேல் தப்பில்லை.

விசா முடிகிறது. ஜூலை ஆறாம் தேதி வந்து சேருவேன். கதவைத் திறப்பாயா?

உன் கண்டக்டர்


ஜூன் 3

மதிப்பிற்குரிய டெய்லரம்மாவுக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறீர்களா? நான் மாடி பஸ் வழிகாட்டி. எனக்குப் பேச்சு வரும், எழுத்து அவ்வளவு வராது. இதை மூன்று தடவை எழுதிக் கிழித்து, இது நாலாவது.

கோட்டுக்கு நன்றி சொல்லவேண்டும் என்று ஏப்ரலிலிருந்து நினைக்கிறேன். நீங்கள் யாருக்கு அனுப்பினீர்களோ அந்த வழிகாட்டியாக மட்டும் எழுதுகிறேன். வேறு உரிமை எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு விஷயம் உங்களிடம் சொல்லவேண்டும். கடைச் சட்டை பற்றி மாமா நேற்றுதான் என்னிடம் சொன்னார். இத்தனை நாள் எங்களுக்குத் தெரியாது. அந்த லிஃப்ட் மெக்கானிக்கின் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன் அம்மா. ரொம்பப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அதனால் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர் கடைச் சட்டை போடவில்லை. நான் ஒன்று வாங்கிப் பெட்டியோடு வைத்திருந்தேன், அதைத் திறக்கக்கூட இல்லை. ஒரு பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். வெள்ளையில் நீலக் கோடு, காலர் நைந்திருந்தது. எனக்குக் கோபமான கோபம். ‘கல்யாணத்துக்குப் பழைய சட்டையா?’ என்று பதிவு அலுவலகப் படியிலேயே சண்டை போட்டேன். ‘எனக்கு இதுதான்’ என்றார். ஏனென்று சொல்லவில்லை. அப்புறம் துவைக்கும்போது பாக்கெட்டுக்குள் சிவப்பு நூலில் சின்னதாக மூன்று தையல் பார்த்தேன். நீங்கள் தைக்கிற ஒவ்வொன்றிலும் அது இருக்கும் என்று மாமா சொன்னார். என் கோட்டிலும் தேடினேன். இருந்தது.

முன்கூட்டி உங்களிடம் கேட்காதது தப்புதான். வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயந்துவிட்டோம். அதற்குச் சட்டை சமாதானம் ஆகாது. ஆனால் நீங்கள் நினைத்து வருத்தப்பட்டது மட்டும் நடக்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

மாமா இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை.

மரியாதையுடன்,
வழிகாட்டி


ஜூன் 20

வழிகாட்டிப் பெண்ணுக்கு,

ஆசீர்வாதம். உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. சீருடை வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. ஆனால் நாலு நாளாக ஒரு தையலும் நேராக வரவில்லை, பிரித்துப் பிரித்துத் தைக்கிறேன்.

வெள்ளையில் நீலக் கோடா? கோடு மெல்லிசா, பட்டையா? பாக்கெட்டின் வாயில் இரட்டைத் தையல் இருக்கிறதா? இருந்தால் அது அவன் ஊருக்குக் கிளம்பின வாரம் நான் தைத்தது. துணி பற்றாமல் காலரின் உள்பக்கத்துக்கு வேறு துண்டு கொடுத்தேன். அதனால்தான் சீக்கிரம் நைந்திருக்கிறது. அவன் மேல் தப்பில்லை.

அந்தச் சட்டையை இனி மிஷினில் போட்டுத் துவைக்காதே. காலரைப் பிரித்துப் புதுத்துணி கொடுத்துத் தைக்கவேண்டும். யாரும் கை வைக்கவேண்டாம், அங்கே எந்த டெய்லரிடமும் கொடுக்கவேண்டாம். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

ஆமாம், வருகிறேன். உன் மாமா இங்கு வந்து சேர்ந்ததும் விசாவுக்கு எழுதிப் போடச் சொல்கிறேன். உன் பஸ்ஸில் மாடிக்கு எத்தனை படி, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா என்று எழுது. மணிக்கூண்டு, ராஜா, சிங்கம் எல்லாம் நானும் பார்க்கவேண்டும்.

என்னைக் கண்டு பயப்படாதே அம்மா. நானும் பயந்துகொண்டுதான் வருகிறேன்.

உன் மாமா மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஒழுங்காகச் சாப்பிடச் சொன்னேன் என்று சொல்.

டெய்லரம்மா


செப்டம்பர் 14

வீட்டுக்காரருக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் நலமா? கேஸை மூடிவிட்டுத் தூங்குகிறீர்களா? கூட வாருங்கள் என்று எவ்வளவோ கெஞ்சினேன். ‘நான் வந்தா நீ என்கிட்டயே சண்டை போட்டுட்டு இருப்ப, தனியாப் போ’ என்று ஏற்றிவிட்டீர்கள். விமானத்தில் வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டுதான் வந்தேன்.

விமான நிலையத்தில் இருவரும் நின்றார்கள். அவன், ‘வாம்மா’ என்றான். பையை வாங்கிக்கொண்டான். எனக்கு வாய் வரவில்லை. பேசக்கூடாது என்று இல்லை, நிஜமாகவே வரவில்லை. நாலு வருடம் பேசாமல் இருந்தால் அதுவும் பழக்கமாகிவிடும் போல. ‘களைப்பா இருக்கா?’ என்றான். நான் அவளைப் பார்த்து, ‘இல்லம்மா’ என்றேன். ‘சாப்பிடறியா?’ என்றான், அவளிடம், ‘கொஞ்சமா வை’ என்றேன். அவன் தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். அன்று இரவு இரண்டு பேருமே தூங்கவில்லை. நடுச்சுவர் மெல்லிசு, அவன் புரண்டு படுப்பது எனக்குக் கேட்டது. நான் புரண்டதும் அவனுக்குக் கேட்டிருக்கும்.

மறுநாள் ஊர் பார்க்கக் கிளம்பினோம். அவன் லீவு. பதினொரு படி, மருமகள் பின்னாலிருந்து தாங்கி ஏற்றிவிட்டாள். முன் இருக்கையில் நான், என் இடப்பக்கம் அவன், நடுவில் என் கைப்பை. அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றாள். வெயில் இதமாக இருந்தது. பஸ் கிளம்பிப் பத்து நிமிஷம் ஆகவில்லை, அவன் தூங்கிப் போனான். தலை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து என் தோளில் வந்து நின்றது.

அவள், ‘வலது பக்கம் பாருங்க’ என்று சொல்லும்போதெல்லாம் பஸ்ஸில் இருந்த எல்லாத் தலையும் வலது பக்கம் திரும்பியது. நான் இடது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். காதுக்கு மேலே நரைத்திருக்கிறது, நீங்கள் எனக்கு எழுதவே இல்லையே? இந்த வயதில் உங்களுக்குக்கூட நரைக்கவில்லை. தோள் அரை அங்குலம் குறைந்திருக்கிறது. வலது புறங்கையில் ஒரு நீளத் தழும்பு, லிஃப்ட் கம்பி கிழித்ததாம், அப்புறம் அவள் சொன்னாள். நகக்கண்ணில் கிரீஸ். வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்குகிறான், மூன்று வயதில் தூங்கியது போலவே. முகத்தில் வெயில் விழுந்தது. பஸ்ஸில் கொடுத்த ஊர் வரைபடத்தை விரித்துப் பிடித்து நிழல் கொடுத்தேன். கை வலித்தது, இறக்கவில்லை. அவள் பார்த்துவிட்டாள். மைக்கை அணைத்துவிட்டு, பின்னால் நடந்து போய் ஒவ்வொரு இருக்கையாகக் குனிந்து, மெதுவான குரலில் பயணிகளுக்கு ஊரைப் பற்றிச் சொன்னாள்.

ஆறு வந்ததா, பாலம் வந்ததா, எனக்குத் தெரியாது. மணிக்கூண்டு அடித்ததாம், நான் கேட்கவில்லை.

பஸ் கடைசியில் கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். அவன் திடுக்கிட்டு விழித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, குற்றம் செய்தவன் போல என்னைப் பார்த்தான்.

‘தூங்கிட்டேனாம்மா? ஒண்ணுமே காட்டலையே உனக்கு. நீயாவது ஏதாவது பாத்தியா?’

‘எல்லாம் பாத்தேன்டா’ என்றேன்.

நான்தான்